மரத்தில் ஏறப்போகிறவர் யார் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: ஸ்காபுறோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு பெரிய நோர்வே மேப்பிள் நிற்கிறது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இரண்டாகக் கவர்விட்டு வளர்ந்த மரம். தையல் நாடாவால் சுற்றி அளந்தேன், 190 சென்ரிமீற்றர். ஒரு பக்கக் கொப்புகள் கூரைக்கு மேல் வந்துவிட்டன, பீலி முழுக்க இலை. வீட்டுக்கு வரும் மின்கம்பியும் அந்தப் பக்கம்தான். போன மாதம் அடித்த காற்றில் ஒரு கொப்பு முறிந்து பக்கத்து வீட்டு வேலியில் விழுந்தது. அவர்கள் மரத்தையே எடுத்துவிடச் சொல்கிறார்கள். மறுநாள் காலை இருவர் ட்ரக்கில் வந்து மணியடித்து, "இலையெல்லாம் கறுப்புப் புள்ளி, மரத்துக்கு வருத்தம். தலையை வெட்டிவிட்டால் இனிப் பயமில்லை. இன்றைக்கென்றால் 900 டொலர், காசாகத் தாருங்கள்" என்றார்கள். பிறகு இன்னொரு நிறுவனம் வந்து பார்த்து, கத்தரித்துச் சுத்தப்படுத்த 2,400 டொலரும் வரியும் என்று எழுதித் தந்தது. இரு தரப்பும் தங்களை ஆர்பரிஸ்ட், அதாவது மரப் பராமரிப்பு வல்லுநர், என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் தகுதி உள்ளவர் யார் என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? மாநகரசபையின் அனுமதி வேண்டுமா?
– வாசகி, ஸ்காபுறோ

அன்புள்ள சகோதரிக்கு,

900 டொலர் கேட்டவர்களைக் கூப்பிட வேண்டாம். விலை குறைவு என்பதோ காசாகக் கேட்டார்கள் என்பதோ முதற்காரணம் அல்ல. அவர்கள் சொன்ன இரண்டு வசனங்களே போதும்: கறுப்புப் புள்ளி மரத்தின் வருத்தம் என்றது ஒன்று, தலையை வெட்டினால் பயமில்லை என்றது மற்றது. நோர்வே மேப்பிளைப் பற்றிப் படித்த எவரும் இந்த இரண்டையும் சொல்லமாட்டார்.

அந்தப் புள்ளியைத் தார்ப்புள்ளி என்பார்கள். ஒரு வகைப் பூஞ்சணத்தால் வருவது. கோடை முடியும் காலத்தில் இலையின் மேற்பக்கத்தில் பளபளப்பான கறுப்புத் தழும்புகளாகத் தெரியும். ஓகஸ்ட், செப்ரெம்பரில் உங்கள் தெருவில் நடந்து பாருங்கள். நோர்வே மேப்பிள் நிற்கும் வளவுகளில் பலவற்றில் இதே புள்ளி இருக்கும். பார்க்க அசிங்கமே தவிர, மரத்துக்குச் சொல்லத்தக்க கேடு இல்லை. அது பெரிதாகத் தெரியும் நேரத்தில் இலை தன் வேலையைப் பெரும்பாலும் முடித்திருக்கும். பூஞ்சணம் உதிர்ந்த இலையில்தான் பனிக்காலத்தைக் கழிக்கிறது என்பதால், இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் வாரி, தோட்டக் கழிவுக்கான கடதாசிப் பையில் போட்டு மாநகரசபைக்குக் கொடுத்துவிடுங்கள். மருந்து தெளிக்கத் தேவையில்லை. இந்தப் புள்ளியைக் காட்டிப் பயமுறுத்துகிறவர் ஒன்றில் அறியாதவர், அல்லது அறிந்தே சொல்கிறவர். இரண்டில் எதுவானாலும் அவரை உங்கள் மரத்தில் ஏற்றக் கூடாது.

தலை வெட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம்மவர்கள் பலர் அதுதான் பாதுகாப்பு என்று நம்பியிருக்கிறார்கள். பெரிய கொப்பை நடுவில் துண்டித்தால் மரம் இழந்த இலைப்பரப்பை மீட்க வெட்டின் ஓரத்திலிருந்து கொத்துக் கொத்தாக நிமிர்ந்த தடிகளைத் தள்ளும். மேப்பிள் இதை மிக வேகமாகச் செய்யும். சில ஆண்டுகளில் பழைய உயரம் வந்துவிடும். ஆனால் இயல்பாக வளர்ந்த கொப்பு தாய்க் கொப்பின் உள்மரத்தோடு ஆண்டுக்காண்டு பின்னிப் பிணைந்து வளர்ந்தது. புதுத் தடியோ வெளிப்புறத்துச் சில வளையங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே வெட்டுமுகம் உக்கத் தொடங்கும். நடுவில் துண்டித்த வெட்டை மூடி வளர்க்க மரத்துக்கு அந்த இடத்தில் வழியில்லை. ஆக, ஐந்தாறு ஆண்டு கழிந்தால் உக்கிய கட்டைகளின்மேல் பாரமான தடிகள் நிற்கும், அதுவும் உங்கள் கூரைக்கு நேர் மேலே. இன்று இல்லாத ஆபத்தைக் காசு கொடுத்து உண்டாக்குவதுதான் தலை வெட்டு.

அமெரிக்க வனத்துறையில் ஆய்வு செய்த அலெக்ஸ் ஷைகோ, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, காயம்பட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி உக்கலை அடைத்து வைக்கிறது என்று 1977இல் விளக்கினார். இன்றைய கத்தரிப்பு முறை பெரும்பாலும் அதன்மேல் நிற்கிறது. கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த ஒரு கழுத்து இருக்கும். அந்தச் சுவரை எழுப்பும் வலு அந்தக் கழுத்தில்தான் அதிகம். வெட்டு அதற்கு வெளியே, அதை ஒட்டி விழ வேண்டும். கழுத்தையும் சேர்த்து அடிமரத்தோடு மட்டமாக வழித்தால் பாதுகாப்புப் போய்விடும். அரை அடி கட்டை விட்டு வெட்டினால் கட்டை காய்ந்து உக்கும். வெட்டின் மேல் தார், பெயின்ற் பூசுவதும் பழைய வழக்கம். உக்கலை அது தடுப்பதில்லை. உங்களிடம் வருகிறவரிடம் சாதாரணமாகக் கேளுங்கள்: "வெட்டின இடத்துக்கு ஏதாவது பூசுவீர்களா?" மேப்பிளுக்கு இல்லை என்பதுதான் சரியான பதில்.

பெயர் யாருக்கும், தகுதி சிலருக்கு

ஒன்ராறியோவில் ஆர்பரிஸ்ட் தொழிலுக்கு முறையான பயிற்சியும் மாகாணச் சான்றிதழும் உண்டு. ஆனால் மின்சார வேலையைப் போல அது கட்டாயச் சான்றிதழுக்குரிய தொழில் அல்ல. செயின்சோ ஒன்றும் ட்ரக் ஒன்றும் வைத்திருப்பவர் தன்னை ஆர்பரிஸ்ட் என்று ட்ரக்கில் எழுதிக்கொள்வதைச் சட்டம் தடுக்காது. அதனால்தான் இரு தரப்பும் ஒரே பெயரைச் சொல்கிறார்கள்; சோதிக்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது.

நீங்கள் தேட வேண்டியவை இரண்டு. முதலாவது, ஐ.எஸ்.ஏ. எனப்படும் சர்வதேச மரவளர்ப்புச் சங்கத்தின் சான்றிதழ். பொதுவாக மூன்று ஆண்டு முழுநேர அனுபவம் காட்டி, மர உயிரியல், மண், கத்தரிப்பு, நோய், பாதுகாப்பு என்று பல பாடங்களில் பரீட்சை எழுதித் தேற வேண்டும். சான்றிதழ் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்குள் 30 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும், அல்லது பரீட்சையைத் திரும்ப எழுத வேண்டும். ஒன்ராறியோவில் பெற்றவரின் இலக்கம் ஓ.என். என்ற எழுத்துகளில் தொடங்கி, சில எண்களுக்குப் பிறகு ஏ என்ற எழுத்தில் முடியும். அந்தச் சங்கத்தின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்தால் சான்றிதழ் நடப்பில் உள்ளதா என்று இலவசமாகக் காட்டும்.

இரண்டாவது, மாகாணத்தின் தொழிற்பயிற்சி முடித்துப் பெறும் ஆர்பரிஸ்ட் தகுதிச் சான்றிதழ். இது வேலைத்தளத்தில் ஏறி, கயிறு கட்டி, வெட்டிப் பழகியதையும் கல்லூரி வகுப்பையும் சேர்த்தது. ஐ.எஸ்.ஏ. பரீட்சை அறிவைச் சோதிக்கிறது, ஒருவர் மரத்தில் ஏறுவதைச் சோதிப்பதில்லை. மரம் ஏறுகிறவர்களுக்கு அதே சங்கம் தனிச் சான்றிதழ் வைத்திருக்கிறது. உங்கள் மரத்தில் கூரை, மின்கம்பி, பக்கத்து வேலி மூன்றும் சூழ்ந்திருப்பதால் அறிவும் வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். ஒரே ஆளிடம் இரண்டும் இல்லாவிட்டாலும் வருகிற குழுவுக்குள் இருக்க வேண்டும்.

பலர் ஏமாறும் இடங்கள் இங்கேதான். சங்கத்தில் அங்கத்துவம் என்பது சந்தா கட்டினால் கிடைப்பது; அது சான்றிதழ் ஆகாது. ட்ரக்கில் சங்கத்தின் சின்னம் ஒட்டியிருப்பதும் ஒன்றையும் நிரூபிக்காது. இன்னொன்று, சான்றிதழ் ஆளுக்குரியது, நிறுவனத்துக்குரியது அல்ல. விலை சொல்ல வந்தவர் சான்றிதழ் பெற்றவராக இருப்பார். வேலை நாளில் வேறு மூவர் வந்து இறங்குவார்கள். ஆகவே இப்படிக் கேளுங்கள்: "மரத்தில் ஏறப்போகிறவர் யார்? அவருடைய பெயர், சான்றிதழ் இலக்கம் என்ன? அன்று முழுக்க வளவில் நின்று பார்க்கப்போகிறவர் யார்?" பதிலை விலைத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல நிறுவனம் இதைக் கேட்டுக் கோபப்படாது.

உங்கள் மரத்துக்கு இன்னொரு தகுதியும் தேவைப்படுகிறது. கொப்பு முறிந்திருக்கிறது, பக்கத்து வீட்டார் மரத்தையே எடுக்கச் சொல்கிறார்கள், மரமும் இரண்டாகக் கவர்விட்டது. இப்படியானால் வெட்டுவதற்கு முன்பு ஆபத்தை அளந்து எழுதித் தரக்கூடியவர் வேண்டும். ஐ.எஸ்.ஏ.யின் மர ஆபத்து மதிப்பீட்டுத் தகுதி பெற்றவரைத் தேடுங்கள்; அது ஐந்து ஆண்டுக்குச் செல்லும். அவர் மரத்தை நாலாபுறமும் சுற்றி வந்து, வேரடியிலிருந்து உச்சிவரை பார்த்து, எந்தப் பகுதி முறியக்கூடும், முறிந்தால் எதன்மேல் விழும், விழுந்தால் என்ன ஆகும் என்ற மூன்றையும் சேர்த்துக் குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று தரம் கொடுப்பார். எவ்வளவு காலத்துக்கு அந்தத் தரம் பொருந்தும் என்றும் எழுதுவார். உள்ளே உக்கல் இருக்கிறதென்று சந்தேகம் வந்தால் மெல்லிய ஊசித்துளை அல்லது ஒலி அலைக் கருவி கொண்டு சோதிக்கலாம். அது கூடுதல் செலவு. எல்லா மரத்துக்கும் தேவையில்லை.

வெட்டும் வேலையைத் தானே எடுத்துச் செய்யாத ஆலோசக ஆர்பரிஸ்ட்டுகளும் இருக்கிறார்கள். அறிக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. அண்டை வீட்டாரோடு பிரச்சினை இருக்கும்போது அந்தக் கட்டணம் வீண் போகாது என்பது என் எண்ணம். மரத்தை எடுத்தாலும் விட்டாலும் அவருக்கு லாபம் ஒன்றுதான், அதனால் அவர் சொல் இரு வீட்டாரிடமும் எடுபடும்.

காப்புறுதித் தாள்கள்

சான்றிதழோடு இரண்டு கடதாசிகள். மூன்றாம் தரப்புக்கான பொறுப்புக் காப்புறுதி, குறைந்தது 20 லட்சம் டொலர், மர வேலையை உள்ளடக்கியதாக இருக்க வேண்டும். சில சிறு நிறுவனங்கள் புல்வெட்டு, தோட்ட வேலைக்கு மட்டும் எடுத்த காப்புறுதியைக் காட்டும். ஏணிக்கு மேல் நடக்கும் வேலைக்கு அது செல்லாது. நகலை அவர்கள் கையிலிருந்து வாங்காமல், காப்புறுதி முகவர் நேரடியாக உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும்படி கேளுங்கள். ஒரு நாள் வேலை.

அடுத்தது, டபிள்யூ.எஸ்.ஐ.பி. எனப்படும் வேலைத்தளக் காப்புறுதிச் சபையின் விடுவிப்புச் சான்று. நிறுவனம் தன் ஊழியருக்கான கட்டணத்தைச் செலுத்தி நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி அது. சபையின் இணையதளத்தில் நீங்களே நிறுவனப் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். சான்று அதிகபட்சம் 90 நாள் செல்லுபடியாகும், எனவே வேலைத் திகதிக்கு இது பொருந்துகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் இல்லாத ஒருவர் உங்கள் வளவில் விழுந்து முதுகை முறித்துக்கொண்டால் கோரிக்கை உங்கள் வீட்டை நோக்கி வரக்கூடும். 900க்கும் 2,400க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தக் காப்புறுதிகள், பயிற்சி பெற்ற மூன்று ஆட்களின் சம்பளம், கொப்பை அரைக்கும் இயந்திரம், கழிவை ஏற்றிச் செல்வது ஆகியவற்றில்தான் இருக்கிறது.

காசு கொடுத்தால் வரி இல்லை என்பது சேமிப்புப் போலத் தெரியும். 13 வீத வரியோடு பற்றுச்சீட்டும், நாளை கேள்வி கேட்கும் உரிமையும் சேர்ந்தே போகின்றன. வீட்டு வாசலில் வைத்து எழுதிய 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் ரத்துச் செய்ய ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. வேலை இன்றே முடிய வேண்டும் என்று ஒருவர் அவசரப்படுத்துவதன் பொருளை அதிலிருந்து புரிந்துகொள்ளலாம். 2013 டிசம்பர் பனிமழைக்குப் பிறகும், 2022 மே 21 புயலுக்குப் பிறகும் ரொறன்ரோவில் சரிந்த மரங்களும் தொங்கிய கொப்புகளும் ஏராளம். அப்படியான நாட்களில் செயின்சோவோடு வாசலுக்கு வருகிறவர்கள் கூடுகிறார்கள். தொங்கும் கொப்பின் கீழே எவரையும் போகவிடாமல் கயிறு கட்டிவிட்டு, இரண்டு மூன்று நாள் பொறுத்து நல்ல ஆளைப் பிடிப்பதே நல்லது.

2,400 டொலர்த் தாளில் என்ன எழுதியிருக்கிறது?

கத்தரித்துச் சுத்தப்படுத்துதல் என்று மட்டும் எழுதியிருந்தால் அதுவும் போதாது. அந்த நிறுவனத்தை நான் பழிக்கவில்லை. திரும்ப எழுதித் தரும்படி கேளுங்கள். உங்கள் மரத்துக்கு ஒரு நல்ல வேலைத்தாள் ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும்: 5 சென்ரிமீற்றருக்கு மேல் பருமனுள்ள காய்ந்த, முறிந்த, தொங்கும் கொப்புகள் முழுவதும் அகற்றப்படும், கூரையிலிருந்து இரண்டு மீற்றர் இடைவெளி வரும்படி அந்தப் பக்கக் கொப்புகள், தக்க பருமனுள்ள கிளைக்கொப்பு பிரியும் இடம்வரை மட்டும் குறைக்கப்படும், அகற்றும் பச்சைப் பகுதி மொத்த இலைப்பரப்பில் 15 வீதத்தைத் தாண்டாது, 10 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட வெட்டு ஏதாவது தேவைப்பட்டால் முன்கூட்டிச் சொல்லப்படும், வேலை ஏ.என்.எஸ்.ஐ. ஏ300 என்ற கத்தரிப்புத் தரத்துக்கு அமைய நடக்கும். கொப்பும் தூளும் அன்றே அகற்றப்படும். 25 வீதம் வரை எடுக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அது இளமரத்துக்கு உரிய மேல் எல்லை. 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள முதிர்ந்த மரத்துக்கு அவ்வளவு எடுப்பது அதிகம்.

உள்ளே இருக்கும் சின்னக் கொப்புகளை எல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் இலைக்கொத்தை விடுவதும் ஒரு தவறு. கீழேயிருந்து பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் பாரமெல்லாம் நுனிக்குப் போய், காற்றில் கொப்பு நீளத்துக்கு வளைந்து முறியும். "உள்ளுக்குக் காற்றுப் போகும்படி செய்கிறோம்" என்று யாராவது சொன்னால் எந்தக் கொப்பை, எத்தனை என்று கேளுங்கள்.

கவரைப் பற்றித் தனியாக எழுதச் சொல்லுங்கள். நீங்களே கீழே நின்று பார்க்கலாம். இரண்டு தண்டும் சேரும் இடம் அகன்ற வளைவாக இருந்து, பட்டை அங்கே வெளியே மடிந்து மேடாக நின்றால் பொதுவாக வலுவான சேர்க்கை. ஒடுங்கிய கூர்க் கோணமாக இருந்து, பட்டை உள்ளே அமுங்கிப் போயிருந்தால் இரண்டு தண்டுக்கும் நடுவே மரம் இல்லை, பட்டைதான் இருக்கிறது. நோர்வே மேப்பிளில் இது அடிக்கடி காணப்படும் குறை. கவருக்குக் கீழே செங்குத்தாக வெடிப்போ, சாறு வடிந்த கறையோ, இரண்டு பக்கமும் புடைத்த காதுபோன்ற வளர்ச்சியோ தெரிந்தால் உடனே காட்ட வேண்டும். அதற்காக மரத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஒரு தண்டின் பாரத்தைக் குறைத்து, கவரிலிருந்து உச்சிவரையான தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இரு தண்டையும் உருக்குக் கம்பிவடத்தால் இணைப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. தேவையானால் கவரின் ஊடாக இரும்புத் தண்டும் போடுவார்கள். வடம் போட்ட மரத்தை இடைக்கிடை பார்த்துவர வேண்டும், அதன் செலவையும் இப்போதே கேட்டு வையுங்கள். மரத்தைச் சுற்றிக் கம்பியை இறுக்கிக் கட்டுவோம் என்பவரை அனுப்பிவிடுங்கள். மரம் பருக்கும்போது அந்தக் கம்பி பட்டையை அறுத்துக் கழுத்தை நெரிக்கும்.

வேலை நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஏறுகிறவரின் சப்பாத்து. இரும்பு முள் மாட்டிக்கொண்டு ஏறினால் நிறுத்துங்கள். ஒவ்வொரு குத்தும் பட்டையின் கீழுள்ள உயிருள்ள படலத்தைத் துளைக்கும் காயம். முள் வெட்டி எடுக்கப்போகும் மரத்துக்கும் அவசர மீட்புக்கும் மட்டும் உரியது. கத்தரிக்க ஏறுகிறவர் கயிற்றிலும் இடுப்பில் மாட்டும் சேணத்திலும் ஏறுவார். தலைக்கவசம், கண்ணுக்கும் காதுக்கும் மறைப்பு, கீழே செயின்சோ பிடிப்பவருக்கு வெட்டுத் தாங்கும் காற்சட்டை இருக்க வேண்டும். மேலே வாளை இயக்கும்போது அவர் இரண்டு இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏணியில் நின்று ஒற்றைக் கையால் வெட்டுகிறவரை வேலையைத் தொடரவிட வேண்டாம்.

பாரமான கொப்பை அவர்கள் எடுப்பதைக் கவனியுங்கள். முதல் வெட்டு அடிமரத்திலிருந்து சுமார் 30 சென்ரிமீற்றர் தள்ளி, கீழ்ப்பக்கமிருந்து, மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு. இரண்டாவது அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து. கொப்பு அங்கே பிரிந்து கயிற்றில் இறங்கும். மூன்றாவது, மிஞ்சிய கட்டையைக் கழுத்துக்கு வெளியே அறுப்பது. முதல் வெட்டைப் போடாமல் மேலிருந்து ஒரேயடியாக அறுத்தால் கொப்பு சரியும்போது பட்டையை அடிமரத்தில் ஒரு மீற்றர் நீளத்துக்கு உரித்துக்கொண்டு வரும். அந்தக் காயத்துக்கு மருந்தில்லை. கூரைக்கு மேலுள்ளதைக் கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும், எறியக் கூடாது.

மின்கம்பி விஷயத்தில் சமரசமே வேண்டாம். வேலைத் திகதி முடிவானதும் மின் வழங்கும் ரொறன்ரோ ஹைட்ரோவை அழைத்து, அந்த நேரத்துக்கு வீட்டு இணைப்பைத் துண்டித்துத் தரக் கேளுங்கள். தெருக் கம்பத்திலிருந்து கம்பத்துக்குப் போகும் உயரழுத்தக் கம்பிக்கு மூன்று மீற்றருக்குள் கொப்பு இருந்தால் அது மின்கம்பி மர வேலைக்கெனத் தனியாகப் பயின்றவர்களின் வேலை, சாதாரண ஆர்பரிஸ்ட்டும் தொடக் கூடாது. "நாங்கள் பார்த்து வெட்டுவோம்" என்பவரை மரத்தில் ஏற விடாதீர்கள்.

அனுமதி

190 சென்ரிமீற்றர் சுற்றளவு என்றால் 3.14ஆல் வகுக்க விட்டம் ஏறக்குறைய 60. ரொறன்ரோவில் நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ உள்ள எந்தத் தனியார் மரத்தையும் அகற்றவோ சேதப்படுத்தவோ மாநகரசபையின் அனுமதி வேண்டும். நீங்கள் எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்று சொல்லவில்லை. அந்த உயரத்தில் ஒருமுறை சரிபாருங்கள், முடிவு மாறாது. அனுமதியில்லாமல் செய்தால் மரம் ஒன்றுக்கு 500 டொலரிலிருந்து 100,000 டொலர் வரை அபராதம். முறைப்படி கத்தரிப்பதற்கு அனுமதி தேவையில்லை, ஆனால் தலையை வெட்டுவது முறைப்படியான கத்தரிப்பு அல்ல, சேதம் என்று எடுத்துக்கொள்ளப்படலாம். அப்போது வெட்டியவர் ட்ரக்கோடு போயிருப்பார். நோட்டீஸ் உங்கள் விலாசத்துக்கு வரும். தகுதியான ஆர்பரிஸ்ட்டை அடையாளம் காண இதுவும் ஒரு வழி: மரத்தை எடுப்பது பற்றிப் பேச்சு வந்ததுமே அவர் அனுமதியைப் பற்றிச் சொல்வார், நாடாவை எடுத்து அளப்பார். விண்ணப்பத்தோடு ஆர்பரிஸ்ட் அறிக்கையும் போக வேண்டும்.

உங்கள் வளவு ஹைலண்ட் கிறீக், றூஜ் போன்ற பள்ளத்தாக்குகளை ஒட்டியிருந்தால் விதி இன்னும் கடுமை. அங்கே எந்த அளவு மரத்துக்கும் அனுமதி வேண்டும். மாநகரசபையின் 311 இலக்கத்தை அழைத்து விலாசத்தைச் சொன்னால் தெரிந்துகொள்ளலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். வேறு நகர்களில் உள்ள வாசகர்கள் ரொறன்ரோ அளவை நம்ப வேண்டாம். மார்க்கத்தில் 20 சென்ரிமீற்றர், மிசிசாகாவில் 15.

அடுத்து அடிமரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கொப்போ வேரோ வேலியைத் தாண்டுவது வேறு விஷயம். நிலமட்டத்திலிருந்து கவர்வரை அடிமரத்தின் எந்தப் பகுதியாவது எல்லைக்கோட்டைத் தொட்டால் அது இரு வீட்டாருக்கும் பொதுவான மரம் என்று ஒன்ராறியோ வனச் சட்டத்தின் 10ஆம் பிரிவுக்கு நீதிமன்றம் 2013இல் பொருள் சொன்னது. அப்படியானால் அவர்கள் சம்மதமில்லாமல் நீங்கள் எடுக்க முடியாது, உங்கள் சம்மதமில்லாமல் அவர்களும் தொட முடியாது. வேலியை நம்பாமல் வீடு வாங்கும்போது தந்த நில அளவைப் படத்தை எடுத்துப் பாருங்கள்; வேலி பல இடங்களில் எல்லையில் நிற்பதில்லை.

காலத்தைப் பொறுத்தவரை, காய்ந்த கொப்பையும் தொங்குவதையும் எப்போதும் எடுக்கலாம். பச்சைக் கொப்பைக் குறைக்க இலை உதிர்ந்த பிறகு, நவம்பர் முதல் மார்ச் வரை நல்லது. மரத்தின் கட்டமைப்பும் தெளிவாகத் தெரியும், பறவைக் கூடுகளுக்கும் இடையூறில்லை. மார்ச்சில் வெட்டினால் மேப்பிள் சாறு வடிக்கும். பயப்பட வேண்டாம், அதனால் மரம் சாவதில்லை. வளவில் ஓக் மரம் ஏதாவது இருந்தால் அதை ஏப்ரல் முதல் நவம்பர் வரை வெட்டவே வேண்டாம். ஓக் வாடல் நோய் 2023இல் நயாகராவில் கண்டுபிடிக்கப்பட்டது, புது வெட்டின் மணத்துக்கு வரும் வண்டுகள் அதைப் பரப்புகின்றன.

பக்கத்து வீட்டாருக்கு இப்போதே ஒரு சிறு கடிதம் எழுதுங்கள்: மரத்தைத் தகுதி பெற்றவரைக் கொண்டு சோதிக்க ஏற்பாடு செய்திருக்கிறோம், இன்ன திகதிக்குள் அறிக்கை வரும் என்று. அவர்கள் எச்சரித்த பிறகும் ஒன்றும் செய்யாதிருந்தால், நாளை இன்னொரு கொப்பு விழும்போது உங்கள் பக்கம் பலவீனமாகும். அறிக்கை வந்ததும் ஒரு பிரதியை அவர்களிடம் கொடுத்து, ஒன்றை வீட்டுக் காப்புறுதிக் கோப்பில் வையுங்கள். மரம் நிற்கட்டும் என்று அறிக்கை சொன்னால் அடுத்த பரிசோதனை எப்போது என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் திகதிக்கு அதே ஆளை இப்போதே பதிந்து வையுங்கள்.